பச்சை உடம்புக்கு ஏரி விரால்

என் சம்பந்தியம்மா குடியிருக்கும் ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் ஏரி அவ்வளவு அழகு. காலை வெயில் பட்டதும் தண்ணீர் வெள்ளித் தகடாகப் பளபளக்கும். ஓரமெல்லாம் பச்சைப்பசேல் என்றிருக்கும். அந்தப் பச்சை ஆகாயத்தாமரை என்பதும், அது அப்படிக் கொழுத்துக் கிடப்பது எதைத் தின்று என்பதும் அவ்வளவு உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? நாற்றம் ஒன்பது மாடி ஏறாது. ஏறினாலும் சன்னலை மூடி ஏசி போட்டிருப்பார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் போன பங்குனியில் முதல் பிரசவம். ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுத்தார்கள். தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான் கிடக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறை. பங்குனி பிறந்துவிட்டால் பகலில் சுவரைத் தொட முடியாது.

"பச்ச ஒடம்புக்காரிய அந்த அனல்ல போட்டு வேகவைக்கணுமாண்ணே? இங்கன ஏசி இருக்கு, லிப்ட் இருக்கு. நான் பாத்துக்கிடுறேன்" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. பெற்ற மகளைப் போலத்தான் என் மகளைத் தாங்கினார். சிவகங்கைப் பக்கத்து மனுஷி. பேச்சில் ஒரு கள்ளம் கிடையாது.

மகளை அங்கே விட்டு வந்த பிறகு எங்கள் கவலையெல்லாம் அவள் வயிற்றுத் தையல்தான். அது ஆறவில்லை. ஓர் ஓரத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கட்டு மாற்றி அனுப்பினார். பாலும் பற்றவில்லை. பசி தாங்காமல் குழந்தை வீரிட்டு அழும். என் மகள் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு எழுந்து உட்காருவாள். அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

ஒருநாள் நானும் மனைவியும் போயிருந்தபோது சம்பந்தியம்மா எங்களைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, வெராலு கொழம்பு வச்சுக் குடுத்தம்னா தையலு கூடிரும். பாலும் ஊறும். எங்கூருப் பக்கம் புள்ள பெத்தவளுக்குத் தாய்வீட்டுலருந்து கம்மா வெராலு உயிரோட கொண்டாருவாக. உங்களுக்கு என்னண்ணே, ஏரியவே வாசல்ல வச்சிருக்கீக!" என்று வெள்ளித் தகட்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"பண்ணை வெராலு வாங்கியாறேம்மா. மார்க்கெட்ல உசுரோட வச்சிருப்பாங்கோ" என்றேன்.

"அய்ய, அது வளப்பு மீனுண்ணே. கோழிக்கொடலப் போட்டு வளக்குறது. அதப் போயி பச்ச ஒடம்புக்குக் குடுக்கலாமா? ஏரி மீனுன்னா அது பாட்டுக்கு நல்ல தண்ணியில நீந்தித் திரியிறது. அதுதாண்ணே மருந்து."

நல்ல தண்ணி! நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "அதுக்கு இன்னாங்க சம்மந்தி, எங்க ஏரி வெராலு தாய்வீட்டு சீரா வந்துடும்" என்று சொல்லியே விட்டாள். பிரசவத்தைத்தான் தன் வீட்டில் பார்க்க முடியவில்லை, ஒரு மீனாவது தன் வீட்டிலிருந்து போகட்டும் என்கிற ஆத்திரம் அவளுக்கு. அவளைச் சொல்லி என்ன செய்ய?

மனைவிக்கு ஒரு தம்பி இருக்கிறான். அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கோயில் குளம் கிடையாது. ரீல் வைத்த தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடிவிடுவான். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

"இத்த மின்னாலியே சொல்லக்கூடாதா மாமே? வெராலு எங்க கீதுன்னு எனுக்கு அத்துப்படி. நீ வந்து பக்கெட்ட மட்டும் புடி."

"டேய் மச்சான், அந்தத் தண்ணியப் பாத்துக்கினுதான் பேசறியா?"

"ஏரி மீனு மாமே. ஒடம்புக்கு அவ்ளோ நல்லது. நீ சொம்மா எல்லாத்துக்கும் மூக்கப் பொத்திக்கினு இருந்தா இன்னா பண்றது?"

மூக்கைப் பற்றி அவன் பேசுகிறான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயிண்ட் ஷாப்பில் வாழ்க்கையைக் கரைத்தவன். தின்னர் வாடை ஏறி ஏறி என் மூக்கு செத்துப் போய்விட்டது. ரசம் தீய்ந்தால்கூட எனக்குத் தெரியாது என்று மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்ட செத்த மூக்குக்கே அந்த ஏரி நாறுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்தது. பெரிய மழை இல்லை. சாக்கடைகளை அலசித் தள்ளும் அளவுக்கு ஒரு மழை. ஊரே குளிர்ந்துபோய் மொட்டைமாடியில் நின்று சிரித்தது. மச்சான் போன் போட்டான். "மழ ஊத்திக்கினு கீது மாமே! நாளிக்கு மீனு பிச்சிக்கும். விடியறதுக்குள்ள வந்துரு."

விடிந்தும் விடியாததுமாக பக்கெட்டோடு போனேன். கரை ஏறியதும் எனக்கு முதலில் தெரிந்தது தண்ணீர் இல்லை, சேறு. பங்குனி வெயிலில் தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கரிய சேறு அகலமாக வெளியே வந்து கிடந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் மூடிவைத்திருந்த அசிங்கம் எல்லாம் அங்கே கடை பரப்பியிருந்தது. உடைந்த பாட்டில், ஒற்றைச் செருப்பு, போன சதுர்த்திக்குக் கரைத்த பிள்ளையாரின் கம்பிக்கூடு. அப்புறம் பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் டயப்பர்கள். தண்ணீரை உறிஞ்சித் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. எத்தனை என்று எண்ண எனக்குப் பொறுமை இல்லை. தூ! ஒரு ஊர் தன் பிள்ளைகளின் மலத்தைக் கூடத் தன் வாசலில் வைத்துக்கொள்ளாதா?

தண்ணீர் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீரில் கரியைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். காற்றே இல்லை. இலை அசையவில்லை. அந்தத் தண்ணீரின் மேலெல்லாம் சின்னச் சின்னதாக வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதலில் மழைத்தூறல் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஜிலேபி மீன்கள். நூற்றுக்கணக்கில் மேலே வந்து, மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே வயிற்றைக் காட்டி மல்லாந்துவிட்டன. ராத்திரி வந்து கலந்த சாக்கடை தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் குடித்துவிட்டது. வெயில் ஏறினால் கொஞ்சம் தேறும். தேறாவிட்டால் மத்தியானம் ஏரிக்கரைப் பக்கம் மனுஷன் போக முடியாது.

இதைப் பார்த்து என் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொண்டாடினார்கள். தகவல் போன வேகத்தில் ஜனம் வந்துவிட்டது. காய்கறிக் கூடை, சிமெண்டுச் சாக்கு, பழைய புடவை, கொசுவலை என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து அள்ளினார்கள். காலை நடைக்கு வந்த இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள்.

"இன்னிக்கு ஏரி அள்ளிக் குடுக்குதுபா!" என்று ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"யோவ், அது மூச்சு முட்டிச் சாவுதுயா" என்றேன்.

"நம்ம கைல செத்தா கொழம்பு, தண்ணில செத்தா நாத்தம். உனுக்கு எது ஓணும் சொல்லு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அங்கேயே மொபெட்டில் ஒருவன் நீல டிரம் கட்டி வைத்திருந்தான். ஏரித் தண்ணீரையே அதில் ஊற்றி, திணறுகிற மீன்களில் இன்னும் உசும்பும் மீன்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டான். மீன் தொட்டியில் குமிழி விடுமே, அந்தச் சின்ன மெஷினை உள்ளே விட்டான். கொஞ்ச நேரத்தில் மீன்கள் தெளிந்து டிரம்மைச் சுற்ற ஆரம்பித்தன. அவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். "உயிர் மீனு, ஏரி மீனு, ஐஸ் வைக்காத மீனு" என்று அது கத்திக்கொண்டே கிளம்பியது.

"இவன் எங்கடா போறான்?" என்று மச்சானைக் கேட்டேன்.

"பிளாட்டுங்க பக்கம்தான். கேட்டாண்ட போய் நின்னான்னா அஞ்சு நிமிசத்துல காலி. நாய் வித்த காசு கொலைக்குமா, மீனு வித்த காசு நாறுமா? வா மாமே, நம்ம எடம் அந்தாண்ட கீது."

அவனுடைய இடம் வரத்துக் கால்வாய் வாய். மழைத் தண்ணீர் ஏரிக்கு வருவதற்காக ஒரு காலத்தில் வெட்டிய கால்வாய். இப்போது அதன் முனையில் ஒரு சிமெண்டுக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு சாம்பல் நிறத்தில் கக்கிக்கொண்டிருந்தது. விழுகிற இடத்தில் நுரை முழங்கால் உயரம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். பிரயோசனமில்லை.

"மச்சான், இந்தப் பீத்தண்ணிலயா?"

"இங்கதான் மாமே இருப்பாரு அவரு. மத்த மீனுக்குத்தான் நல்ல தண்ணி ஓணும். வெராலு மேல வந்து காத்தக் குடிக்கிற சாதி. எல்லாம் செத்தாலும் இவுரு சாவமாட்டாரு. இங்க தீனி வேற கொள்ளையா வருது. பாரு, எப்டி கீறாருன்னு."

விரலால் காட்டினான். நுரைக்கு இந்தப் பக்கம், ஆகாயத்தாமரை ஓரத்தில், தண்ணீரில் மிளகாய்த்தூளைக் கொட்டிய மாதிரி ஒரு சிவப்பு மிதந்தது. மிதந்த சிவப்பு நகர்ந்தது; கலைந்து மறுபடி கூடியது. அத்தனையும் விரால் குஞ்சுகள். பார்ப்பு என்பார்கள். பார்ப்பு எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே தாய் விரால் காவல் நிற்கும். எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சுக்காக. இது தெரிந்துதான் தூண்டில்காரர்கள் சித்திரைக்கு முன்னாலேயே பார்ப்பைத் தேடி அலைவார்கள். ரப்பர் தவளையைக் குஞ்சுகளுக்கு நடுவில் எறிந்தால் போதும்.

இதைச் சொல்லிக்கொண்டே மச்சான் ரப்பர் தவளையை முடிந்தான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. "குட்டி போட்ட மீன அடிச்சினு போயி புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதாடா?" என்றேன்.

"அப்போ உன் பொண்ணு தையலு ஆறணுமா ஓணாமா?" என்று திருப்பிக் கேட்டான்.

அந்த நேரத்தில்தான் லாரி வந்தது. மஞ்சள் தொட்டி வைத்த கழிவுநீர் லாரி. கரையில் பின்பக்கமாக ஏறி நின்றது. டிரைவர் இறங்கிக் குழாயை இழுத்துக் கால்வாய் வாயில் செருகி வால்வைத் திறந்தான். சளசளவென்று கொட்டியது. என்ன கொட்டியது என்று நான் எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அவன் பாட்டுக்குக் கரையில் குந்தி, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்து மோர் குடித்தான். மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினான். இவனும் ஆட்டினான். ஞாயிற்றுக்கிழமைச் சிநேகிதம்.

"அண்ணாத்தே, மோர் குடிக்கிறியா? ஒரு பில்டிங்ல ஒரு அம்மா குடுக்கும். பெருங்காயம், கருவேப்பிலல்லாம் போட்டு, சூப்பரா இருக்கும்" என்று என்னைப் பார்த்து பாட்டிலை நீட்டினான்.

"உனுக்கு அறிவில்ல? ஏரில கொட்றியே, கேக்க ஆளில்லன்னா?" என்று கத்தினேன்.

"நான் இன்னா எங்க ஊட்டுதையா கொட்றேன்? ஊர் பேளுது, நான் தூக்கியாறேன். வேற எங்க கொட்டட்டும், நீயே ஒரு எடத்த சொல்லு" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சல்.

லாரி போய்க் கலக்கம் அடங்குவதற்குள் மச்சான் தவளையை வீசினான். பார்ப்பின் நடுவில் அது விழுந்த மாத்திரத்தில் தண்ணீர் வெடித்தது. தூண்டில் வளைந்தது. அவன் கூச்சல் போட்டுக்கொண்டே இழுத்து மேலே போட்டான். முன்கை பருமன். மேலே கறுப்பு, வயிறு வெண்ணெய் மாதிரி. ஒரு புண் இல்லை, ஒரு செதில் பெயரவில்லை. எண்ணெய் தேய்த்த பயில்வான் மாதிரி மினுமினுத்தது. செத்துக்கொண்டிருந்த அந்த ஏரியில் அதுதான் ஆரோக்கியமாக இருந்தது. மலத்தைத் தின்று மினுமினுக்கிற மீனைப் பார்த்து எனக்கு அழுகையா கோபமா என்று தெரியாத ஒன்று வந்தது. பின்னால் அந்தச் சிவப்பு, கூட ஆளில்லாமல் நாலா பக்கமும் சிதறிவிட்டது.

வீட்டில் மனைவி மீனைத் தேய்க்க உப்பும் சாம்பலும் எடுத்துவைத்து, அரைத்த மசாலாவோடு காத்திருந்தாள். விராலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அறுக்காத" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். குழாய், லாரி, மோர், எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் மூக்கை மீனுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பினாயிலும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை. அவளுக்கும் அடித்தது. முகத்தைத் திருப்பினாள். ஆனால் விடவில்லை.

"புளி தூக்கலா போட்டா தெரியாது. தலப்பிரசவம்தான் நம்மகிட்ட இல்லாம போச்சு. இதுக்கும் வெறுங்கையோட போயி நின்னா அவங்கோ இன்னா நெனப்பாங்கோ?"

"பெத்த பொண்ணு வயித்துக்குள்ள போறது உனுக்கு முக்கியமில்ல, சம்மந்தி இன்னா நெனப்பாங்கோன்றதுதான் முக்கியமா?" என்று பக்கெட்டைப் பிடுங்கினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அப்படியே கிளம்பிவிட்டேன். கொண்டுபோய்க் காட்டுவது, இது வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு. எங்கள் ஏரியின் மானம் போனால் போகட்டும்.

லிப்டில் பக்கெட்டுக்குள் விரால் திமுதிமுவென்று அடித்தது. உடன் வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஐயோ, லைவ் ஃபிஷ்ஷா அங்கிள்? எங்க கிடைக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

சம்பந்தியம்மா பக்கெட்டைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஆத்தாடி! என்னா மொழுக்கா இருக்கு! எங்க கம்மாயிலகூட இப்படிப் பாத்ததில்லண்ணே."

உள்ளறையிலிருந்து என் மகள், "அப்பா, வெராலு கொண்டாந்துட்டியா?" என்று குரல் கொடுத்தாள். நான் சம்பந்தியம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இது வேணாம்மா. தூக்கிப் போட்டுறலாம்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஏண்ணே? பிடிச்சுக் கொண்டாந்துட்டு இப்படிச் சொல்றீக? நான் கேட்டது தப்பா?"

"வாங்க, ஒரு நிமிசம். கண்ணால பாத்துடுங்கோ. அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி."

அந்தக் கட்டிடத்தின் பின் கேட்டைத் தாண்டினால் ஏரிக்கரை. இத்தனை மாதமாக அவர் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. பால்கனியிலிருந்து பார்த்ததோடு சரி. பக்கெட்டோடு நான் முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்தார். கரை ஏறுவதற்கு முன்பே முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. சேற்றைப் பார்த்தார். உப்பிக்கிடந்த டயப்பர்களைப் பார்த்தார். வெயில் ஏறி, காலையில் தப்பித்த மீன்களும் மல்லாந்து, ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கியிருந்தன. மொபெட்காரன் இரண்டாவது தடவை வந்து நீல டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தான். மல்லாந்த மீனைக்கூட விரலால் அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினான். சம்பந்தியம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நகரவில்லை.

"இதான்மா நம்ம ஏரி. வெராலு அந்தாண்ட குழாயாண்ட புடிச்சது" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மஞ்சள் லாரி அடுத்த நடை வந்து நின்றிருந்தது. குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட டிரைவர், எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். வாயெல்லாம் பல்.

"மோரம்மா! இன்னாம்மா, நீங்க இங்க? வாக்கிங்கா?" என்றான். மோர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "அண்ணாத்தே, நான் சொன்னேன்ல, இந்த அம்மாதான். ஓரமா நில்லுங்கம்மா, மேல தெறிக்கும். உங்க பில்டிங்குதுதாம்மா இது. இப்பதான் எடுத்தாந்தேன்."

அந்த அம்மா குழாயைப் பார்த்தார். அது விழுகிற இடத்தைப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தார். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குனிந்து, கரையோரம் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுக்கக்கூட வழியில்லாமல் நின்றேன். எதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது.

"அதத் தொலைங்கண்ணே" என்றார் நிமிர்ந்து.

பக்கெட்டைக் கவிழ்த்தேன். விரால் ஒரு துள்ளு துள்ளி, நேரே குழாய்க்கு அடியில் போய் மறைந்தது. கரையில் தூண்டிலோடு நின்ற ஒருவன், "யோவ், ஓணாட்டி என்கிட்ட குடுத்திருக்கலாம்ல? பொழைக்கத் தெரியாத ஆளுயா நீ" என்று சொல்லிக்கொண்டே அதே இடத்தில் தவளையை வீசினான்.

திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மானம் போனாலும் மகள் தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன். லிப்டின் கதவு மூடியதும்தான் சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்.

"அந்த டிரம்முக்காரன்ட்டதாண்ணே நான் மீனு வாங்குறேன். ஆஸ்பத்திரிலருந்து வந்த மறுநாள்லருந்து. ஏரி மீனு, உயிர் மீனுன்னு கேட்டு வாசல்ல வந்து நிப்பான். தாய்வீட்டு வெராலு வர்றமட்டும் புள்ள பெத்தவளுக்கு வெறுஞ்சோறு போடக் கூடாதேன்னு தெனம் கொழம்பு வச்சேன். நேத்துங்கூட ரெண்டு தடவ போட்டுச் சாப்புட்டாண்ணே. பூண்டு போட்டு நல்லா இருக்கு அத்தைன்னு..."

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. லிப்ட் ஏறுவது போலவே இல்லை, கீழே கீழே போவது போலிருந்தது.

கதவைத் திறந்ததும் அவர் நேரே சமையலறைக்குப் போனார். அடுப்பில் மத்தியானத்துக்கு வைத்த மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் நுழைந்தார். கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஃபிளஷ் இழுத்தார். ஒரு தடவை இழுத்தும் போகவில்லை போல, இரண்டாவது தடவையும் இழுத்தார். தண்ணீர் குபுகுபுவென்று கீழே இறங்குகிற சத்தம் சுவருக்குள் வெகுநேரம் கேட்டது. அடுத்த நடைக்கு மஞ்சள் லாரி வரும்.

"அத்த எதுக்குப்பா கொழம்ப ஊத்துறாங்க? எனக்குப் பசிக்குது" என்றாள் என் மகள்.

நான் உள்ளே போனேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் சன்னல் கண்ணாடியில் ஏரி பளபளத்தது.

"அப்பா, பாப்பா இன்னிக்கு அழவே இல்ல பாரு. பால் நல்லா வருதுப்பா. அத்த குடுத்த மீன் கொழம்புதான்" என்று மெதுவாகச் சிரித்தாள்.

மடியில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, கையை இறுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் குடித்துக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.